மும்பைக்குப் பாலைவன அளவுகோல் பொருந்தாது

மே மாத நடுவில் எந்த நாளிதழைப் பிரித்தாலும் வாரத்துக்கான வானிலைப் பட்டியலில் ஜெய்சல்மர், பார்மேர், பலோடி ஆகிய ஊர்களுக்கு நேரே 44, 45, 46 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். அதே பட்டியலில் மும்பைக்கு நேரே ஏழு நாளும் 34 என்றே இருக்கும். வாசிப்பவர் மனம் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: பாலைவனத்துக்காரர் பாடு திண்டாட்டம், மும்பைக்காரர் பிழைத்தார். இந்த முடிவு தவறானது. அந்த 34 டிகிரி நாளில் தாராவியில் தகரக் கூரைக்கு அடியில் தையல் மிஷின் மிதிப்பவரின் உடல் படும் பாடு, 45 டிகிரியில் ஜெய்சல்மரில் நிழலில் உட்கார்ந்திருப்பவரின் பாட்டைவிடக் கடுமையாக இருக்க முடியும். இது பேச்சுக்குச் சொல்லும் மிகை இல்லை. கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய விஷயம். நம் வானிலை அறிக்கை எந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறதோ, அந்த எண் வறண்ட நிலத்தின் வெக்கையை அளப்பதற்குப் பொருத்தமானது. கடலோர நகரத்தின் புழுக்கத்தை அதைக்கொண்டு அளந்தால், ஆபத்தான நாட்கள் சாதாரண நாட்களாகத் தெரியும். அதனால் யாரும் எச்சரிக்கப்படுவதில்லை.

முதலில் பாலைவனத்தையே பார்ப்போம். தார் பாலைவனத்தின் கோடைக்கால வார முன்னறிவிப்பு மிக எளிமையானது: வானம் தெளிவு, மழை இல்லை, வறண்ட காற்று, பகலில் இத்தனை டிகிரி. அந்த ஓர் எண் அங்கே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடும். 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி பதிவானது. இந்தியாவில் அதுவரை பதிவானவற்றில் அதுவே உச்சம். 2024 மே மாத இறுதியில் சூரு நகரத்தில் 50 டிகிரியைத் தாண்டியது. இப்படிப்பட்ட நாளில் வெளியே நடமாடினால் உயிருக்கே ஆபத்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்குள்ளவர்களுக்குக் காற்றின் வறட்சி ஒரு துணையாக இருக்கிறது. தண்ணீர் வைத்த மண்பானை ஜில்லென்று இருக்கும். வைக்கோல் தட்டியில் தண்ணீர் சொட்டவிட்டு விசிறியடிக்கும் ஏர் கூலர் அறையைக் குளிர வைத்துவிடும். மேகமோ ஈரமோ இல்லாத வானத்தில் நிலத்தின் சூடு இரவில் தடையின்றி வெளியேறும். மே மாதத்தில் ஜெய்சல்மரில் பகல் உச்சத்துக்கும் இரவின் தாழ்நிலைக்கும் சுமார் 15 டிகிரி வித்தியாசம் இருக்கும். மொட்டை மாடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் விடியற்காலையிலாவது உடம்பு ஆறும். இதே ஏர் கூலரை மே மாதத்தில் மும்பையில் ஓடவிட்டால் அறை குளிராது, இருக்கிற ஈரத்தோடு இன்னும் ஈரம்தான் சேரும். தாராவி கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பானை வனைகின்றன. அதே பானை வறண்ட ஊருக்குப் போனால் தண்ணீரை நன்றாகக் குளிர வைக்கும். வனைந்த இடத்திலேயே வைத்தால் மே மாதத்தில் அரைகுறையாகத்தான் குளிர வைக்கும்.

நம் உடம்பும் அந்தப் பானையைப் போலத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். வேர்வை ஆவியாக வேண்டும் என்பதே இங்கே முக்கியம். வழிந்து தரையில் சொட்டும் வேர்வையால் உடம்பு நீரையும் உப்பையும் இழப்பதுதான் மிச்சம், குளிர்ச்சி கிடைக்காது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வைக்குப் போக இடமில்லை. இதை அளக்க விஞ்ஞானிகள் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வானிலை நிலையங்களில் புல்தரையின் மேல், ஆள் மார்பு உயரத்தில், வெள்ளை வர்ணம் பூசிய சட்டப் பலகைப் பெட்டி ஒன்று நிற்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். அதற்குள் நான்கு வெப்பமானிகள் இருக்கும். ஒன்று அன்றைய உச்சத்தையும் இன்னொன்று தாழ்நிலையையும் பதிவு செய்யும். மூன்றாவது அந்த நேரத்துக் காற்றின் வெப்பத்தைக் காட்டும். நான்காவதன் குமிழைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துணி கட்டியிருக்கும். அந்தத் துணியின் திரி பக்கத்திலுள்ள சிறு குப்பித் தண்ணீரில் நனைந்திருக்கும். காற்று வறண்டிருந்தால் துணியின் ஈரம் வேகமாக ஆவியாகி வெப்பமானி இறங்கும். காற்று ஈரமாக இருந்தால் அவ்வளவாக இறங்காது. அது காட்டும் எண்ணுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வேர்வையில் நனைந்த உடம்பு எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதன் எல்லையைச் சொல்லும் எண் அது. பல நிலையங்களில் இன்று தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டாலும் அளவு அதேதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். 45 டிகிரி வெப்பம், 10 சதவீத ஈரப்பதம் என்பது பாலைவனத்தின் உலர்ந்த பிற்பகல். அதன் ஈரக்குமிழ் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இருக்கும். 34 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்பது பருவமழைக்கு முந்தைய மும்பையின் புழுக்கமான பிற்பகல். அதன் ஈரக்குமிழ் வெப்பநிலை 29 டிகிரியைத் தாண்டும். தலைப்பு எண்ணில் மும்பை 11 டிகிரி குறைவு. உடம்பைக் குளிர்விக்கும் வாய்ப்பிலோ 8 டிகிரி பின்தங்கியிருக்கிறது. மும்பைக் காற்றில் மிதக்கும் நீராவி பாலைவனக் காற்றில் இருப்பதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமானவர்கூடச் சில மணி நேரத்துக்குமேல் தாங்க முடியாது என்று 2010-இல் ஷெர்வுட், ஹ்யூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். ஈரக் காற்றில், லேசான வேலை செய்யும்போது, 30 அல்லது 31 டிகிரியிலேயே உடம்பின் உள்வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கியது. இளைஞர்களுக்கே அப்படி என்றால் வயதானவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், நாள் முழுதும் பாரம் தூக்குபவர்கள் ஆகியோருக்கு எல்லை இன்னும் கீழே இருக்கும். 29 என்பது அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நானே சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மும்பையின் ஆண்டுப்போக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நகரத்தில் வெப்பமானி மிக உயரத்துக்குப் போவது மே மாதத்தில் அல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான். மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தின் உச்சம் 42.2 டிகிரி. அது 1952 ஏப்ரல் 14 அன்று பதிவானது. வழக்கமாகக் காலை 11, 12 மணிவாக்கில் அரபிக்கடலிலிருந்து கடற்காற்று எழுந்து நகரத்தைத் தணிக்கும். சில நாட்களில் தக்காணப் பீடபூமி பக்கமிருந்து கிழக்குக் காற்றோ, குஜராத், ராஜஸ்தான் பக்கமிருந்து வடக்குக் காற்றோ பலமாக வீசும். அப்போது கடற்காற்று பிற்பகல் 2, 3 மணிவரை உள்ளே நுழையவே முடியாது. வெப்பமானி 38, 39 என்று ஏறும். காற்று வறண்டு உதடு வெடிக்கும். சென்னையில் கடற்காற்று தாமதமானால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே திசை மட்டும் மாறுகிறது. அப்படிப்பட்ட நாட்களில் மும்பை சிறிது நேரத்துக்குப் பாலைவனத்தின் நீட்சியாகவே ஆகிவிடுகிறது. வெப்பம் மட்டுமல்ல, மணலும் வந்ததுண்டு. 2022 ஜனவரி 23 அன்று பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த புழுதிப் படலம் மும்பை வானத்தை மூடியது. நிறுத்தியிருந்த வண்டிகள் எல்லாம் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு நின்றன.

வெப்ப அலை எச்சரிக்கைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்திருக்கும் விதி என்ன சொல்கிறது? சமவெளியில் 40 டிகிரி, மலைப்பகுதியில் 30 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு அந்தத் தேதிக்குரிய வழக்கமான வெப்பத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்துக்குத் தனி எண் வைத்தது நல்ல விஷயம். ஆனால் அதுவும் வறண்ட வெப்பத்தின் எண்தான். ஈரத்துக்கு அதில் இடமில்லை. விளைவு என்ன? மும்பைக்கு வெப்ப அலை எச்சரிக்கை வருவது, நகரம் பாலைவனத்தைப் போல நடந்துகொள்ளும் நாட்களில் மட்டுமே. 2025-இல் பிப்ரவரி மாதக் கடைசியிலேயே வெப்பம் 38 டிகிரியைத் தாண்டி மஞ்சள் எச்சரிக்கை வந்தது. அது தேவையான எச்சரிக்கை. ஆனால் 39 டிகிரி, 25 சதவீத ஈரப்பதம் உள்ள அப்படியொரு நாளின் ஈரக்குமிழ் வெப்பநிலை 24 டிகிரிவாக்கில்தான் இருக்கும். இரண்டு மாதம் கழித்து, வெப்பமானி 34-க்கு இறங்கி, ஈரக்குமிழ் 29-க்கு ஏறி நிற்கும்போது வெப்ப அலை எச்சரிக்கை வராது. விதிப்படி வரவும் முடியாது. உடம்புக்கு மிகச் சோதனையான வாரங்கள், அதாவது ஏப்ரல் பிற்பாதியிலிருந்து பருவமழை இறங்கும் வழக்கமான நாளான ஜூன் 11 வரையிலான வாரங்கள், முன்னறிவிப்பில் ‘வழக்கமான வெப்பம்’ என்ற பெயரில் கடந்துபோகின்றன.

இரவைப் பற்றிய விதி இதைவிடப் பொருத்தமற்றது. ‘வெப்ப இரவு’ என்று அறிவிக்க வேண்டுமானால், முதலில் பகல் வெப்பம் 40 டிகிரியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதன் பிறகுதான் இரவின் தாழ்நிலை வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மே மாத மும்பையில் பகலில் 40-ஐத் தொடுவதே அபூர்வம். ஆகவே மும்பைக்கு மே மாதத்தில் அதிகாரபூர்வமான வெப்ப இரவு என்பது இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். உண்மையில் அந்த மாதத்தில் இரவின் தாழ்நிலையே 27, 28 டிகிரி. பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் 6, 7 டிகிரிதான். அதுவும் திறந்தவெளியில், புல்தரைமேல், வெள்ளைப் பெட்டிக்குள் எடுத்த அளவு. தாராவியின் ஒரு கோலியில், அதாவது ஓரறை வீட்டில், நிலைமை வேறு. பத்துக்குப் பத்து அறை, ஒரே வாசல், பின்பக்கம் அடுத்த வீட்டின் சுவர். பகலெல்லாம் காய்ந்த பத்ரா, அதாவது தகரக் கூரை, மாலையில் தன் சூட்டைக் கீழே இறக்கும். வீட்டின் மேல்தட்டான போட்மாலாவில் படுப்பவர்களுக்கும் அந்தத் தகரத்துக்கும் இடையே ஒரு கை நீளம்கூட இருக்காது. மின்விசிறி சுழன்றாலும் அதே காற்றையே சுற்றிவிடும். சந்து மூன்றடி, இருபுறமும் மாடிமேல் மாடி. கடற்காற்று மாஹிம் பக்கம் வந்து நின்றுவிடுகிறது. இந்தச் சந்துகளில் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, அண்டாவில் அடுக்கி, சைக்கிளில் நகரமெங்கும் கொண்டுபோகும் தமிழர் குடும்பங்கள் இருக்கின்றன. இரவு தூக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே குறைவு. அந்தக் குறைந்த தூக்கத்தையும் புழுக்கம் பறித்துக்கொண்டால், மறுநாள் அடுப்பு முன் நிற்கும் உடம்பு நேற்றைய சூட்டோடு நிற்கிறது. வெப்பத்தால் வரும் பாதிப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போவது. இரவில் ஆறாத உடம்பில்தான் மூன்றாம் நாள் மயக்கம் வருகிறது.

ஒரே நகரத்துக்குள் வானிலை எவ்வளவு மாறும் என்பதை மும்பை ஒருமுறை மிகக் கொடூரமாகக் கற்றுக்கொண்டது. 2005 ஜூலை 26 அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே நாளில் தென்கோடியில் கொலாபா நிலையம் பதிவு செய்தது 73 மில்லிமீட்டர்தான். கொலாபாவை மட்டும் பார்த்திருந்தால் அது சாதாரண மழைநாள். அந்தப் பாடத்துக்குப் பிறகு மாநகராட்சி தீயணைப்பு நிலையங்களிலும் வார்டு அலுவலகங்களிலும் தானியங்கி வானிலைக் கருவிகளை நிறுவியது. இன்று அவை அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. மழைக்காலத்தில் தாராவியில் இவ்வளவு, செம்பூரில் இவ்வளவு என்று இடம் இடமாக எண்கள் செய்தியில் வருகின்றன. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது நகரம் மறுபடியும் கொலாபா, சாந்தாகுரூஸ் என்ற இரண்டு புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. மழைக்கு ஒப்புக்கொண்ட உண்மையை வெப்பத்துக்கு ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாட்டுங்காவையும் தாராவியையும் பாருங்கள். இடையே ரயில் தண்டவாளமும் ஒரு சாலையும்தான். 1896-இல் பிளேக் நோய் நகரத்தைச் சூறையாடிய பிறகு பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்றே திட்டமிட்டு உருவாக்கியது தாதர்-மாட்டுங்கா பகுதி. அகலமான தெருக்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி, ஐந்து தோட்டங்கள், சாலையோரம் குடை விரித்த மழைமரங்கள். அங்கே குடியேறிய தமிழர்களுக்கு அந்த நிழல் கிடைத்தது. தோல் பதனிட வந்து சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்ட திருநெல்வேலித் தமிழர்களுக்குத் தகரம் கிடைத்தது. தாராவியின் பரப்பு சுமார் 2.4 சதுர கிலோமீட்டர். அதில் வாழும் மக்கள் 6 லட்சம் என்பவரும் உண்டு, 10 லட்சம் என்பவரும் உண்டு. செம்பூரின் கதை வேறு. சேடா நகர் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் மரமும் காற்றும் இருக்கின்றன. அங்கிருந்து சற்றே தெற்கே மாகுல் பக்கம் போனால் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும், நடுவே நெருக்கமான குடியிருப்புகளும். 2022 மார்ச் மாதம் வெளியான மும்பை காலநிலைச் செயல்திட்டம், உலோகக் கூரைகள் நெருங்கிக் கிடக்கும் பகுதிகள் மரம் சூழ்ந்த பகுதிகளைவிடச் சூடாக இருப்பதை வரைபடத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆக, ‘மும்பை 34’ என்ற எண் மாட்டுங்காவுக்கு ஓரளவு பொருந்தலாம். தாராவிக்குப் பொருந்தாது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் அடிக்கடி கேட்பது, மும்பைக்காரர்களுக்கு இந்தப் புழுக்கம் பழகிப்போனது என்பது. பழக்கம் என்பது உண்மைதான். ஓரிரு வாரங்களில் உடம்பு முன்னதாகவும் கூடுதலாகவும் வேர்க்கப் பழகுகிறது, உப்பை மிச்சப்படுத்தக் கற்கிறது. ஆனால் கூடுதலாக வேர்ப்பதால் பயன் வருவது அந்த வேர்வை ஆவியானால்தான். பௌதிக விதி பழக்கத்துக்கு வளைந்துகொடுக்காது. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில், மகாராஷ்டிர பூஷண் விருது வழங்கும் விழாவுக்காக லட்சக்கணக்கானோர் மணிக்கணக்கில் திறந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 14 பேர் வெப்பத்தாக்குதலில் இறந்தார்கள். அன்று அந்தப் பக்கத்தில் பதிவான உச்ச வெப்பம் சுமார் 38 டிகிரி. ராஜஸ்தானில் அந்த எண்ணுக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இறந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். இந்த வெயிலிலேயே வாழ்ந்த மகாராஷ்டிர மக்கள். அங்கே நேர் வெயிலும் நெரிசலும் காரணம், ஈரம் மட்டும் காரணமல்ல என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்கிறேன். நிழலில் எடுத்த ஓர் எண்ணை நம்பி வெயிலில் கூட்டம் கூட்டக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி. ஈரக்குமிழ் எண்ணும் நேர் வெயிலின் தாக்கத்தைச் சொல்லாது. அதைத் தனியே கூட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு மறுப்பு நியாயமானது: வானிலை ஆய்வுத் துறை ஈரப்பதத்தைச் சொல்லாமல் இல்லையே? கொங்கண் கரைக்கு ‘வெப்பமும் புழுக்கமும்’ என்று மஞ்சள் எச்சரிக்கை விடுகிறார்கள். 2023 முதல் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டையும் சோதனை முறையில் வெளியிடுகிறார்கள். அந்தப் பணியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2025 மே 26 அன்று தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறை நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. உலகளாவிய கணிப்பு முறைகளில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் 6 கிலோமீட்டர் கட்டம் என்றால் 36 சதுர கிலோமீட்டர். தாராவி, மாட்டுங்கா, சயான், மாஹிம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கணினியின் எல்லை அது. அதற்குக் கீழே போக, தரையில் இருக்கும் கருவிகளின் அளவுகளைத்தான் சேர்க்க வேண்டும். ‘வெப்பமும் புழுக்கமும்’ என்ற எச்சரிக்கையிலும் ஒரு குறை உண்டு. எந்த அளவு புழுக்கம், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, இரவில் இறங்குமா இறங்காதா என்பது அதில் இல்லை. கட்டட மேஸ்திரி ஒருவர் சித்தாளைக் காலை 6 மணிக்கு வரச் சொல்வதா 9 மணிக்கு வரச் சொல்வதா என்று முடிவெடுக்க அது உதவாது.

எண்ணைக் கூட்டினால் மக்கள் குழம்புவார்கள், எச்சரிக்கை மிகுந்தால் ‘புலி வருது, புலி வருது’ கதையாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். இந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. மும்பையில் மே மாதம் முழுதும் புழுக்கம் என்பதால், தினமும் எச்சரிக்கை விட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அதற்கு வழி, நகரத்தின் சொந்த அனுபவத்திலிருந்து எல்லையை வகுப்பது. 2010 மே மாத வெப்பத்தில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது பின்னால் இறப்புப் பதிவேடுகளை ஒப்பிட்டபோது தெரியவந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 2013-இல் அந்த நகரம் கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டம். தெற்காசியாவிலேயே அதுதான் முதல். எந்த வெப்பத்தில் தங்கள் நகரத்தில் இறப்பு ஏறத் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ப மருத்துவமனைகளையும் தண்ணீர்ப் பந்தல்களையும் தயார் செய்தார்கள். அகமதாபாத் வறண்ட ஊர் என்பதால் அங்கே உச்ச வெப்பமே அளவுகோலாக நின்றது, சரியாகவும் வேலை செய்தது. மும்பை அந்த முறையைக் கடன் வாங்கலாம். அந்த எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. சயான், கே.இ.எம் போன்ற பொது மருத்துவமனைகளின் பதிவேடுகளையும் ஈரக்குமிழ் அளவுகளையும் இரவு வெப்பத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் இந்த நகரத்துக்கான எல்லை தெரிந்துவிடும். எண்கள் கூடினால் குழப்பம் என்பதைப் பற்றி ஒன்று: ரயில் நேரத்தை நிமிடக் கணக்கில் மனப்பாடம் செய்து வாழும் மும்பைவாசிக்கு இன்னோர் எண் சுமையாகிவிடாது.

கடைசியாக ஒரு வாதம்: தகரத்தை எடுத்துவிட்டு நல்ல வீடு கட்டிக் கொடுத்தால் போதும், முன்னறிவிப்பைத் திருத்தி என்ன ஆகப்போகிறது? நல்ல வீடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் தாராவி மறுசீரமைப்பைப் பற்றிய பேச்சு ஒரு தலைமுறையாக நடக்கிறது. அது முடியும்வரை ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வரத்தான் செய்யும். அடுத்தடுத்து நெருக்கிக் கட்டிய கான்கிரீட் மாடிகளும் காற்றை மறித்துச் சூட்டைத் தேக்கிக்கொள்ளும் என்பதால், எந்தச் சந்தில் இரவு எவ்வளவு ஆறுகிறது என்ற அளவு புது வீடு கட்டுபவருக்கும் தேவைப்படும். ஆகவே அளப்பது இப்போதும் வேண்டும், பிறகும் வேண்டும்.

வாரத்துக்கான முன்னறிவிப்பு மும்பையில் இப்படி வர வேண்டும் என்பது என் கோரிக்கை. உச்ச வெப்பத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை. இரவின் தாழ்நிலை, அது எத்தனை இரவாக 28-க்குக் கீழே இறங்கவில்லை என்ற கணக்கு. கடற்காற்று எத்தனை மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது என்ற ஒரு வரி. மழைக்காலத்தில் செய்வதைப்போலத் தாராவி, செம்பூர், குர்லா, கோவண்டி என்று இடவாரியான அளவு. மாநகராட்சியின் கருவிகள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஏற்கெனவே பதிவு செய்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஈரக்குமிழ் எண்ணாக மாற்றுவது கைப்பேசிக்கே சில நொடி வேலை. மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. தாராவியில் தமிழ்ச் சங்கங்களும் கோயில் குழுக்களும் ஜமாத்துகளும் இருக்கின்றன. இந்த எண்களைத் தமிழில் ஒரு கரும்பலகையில் எழுதித் தெருமுனையில் வைக்க அவர்களால் முடியும்.

அது நடக்கும்வரை வாசகர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. முன்னறிவிப்பில் உச்ச வெப்பத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மாலை ஈரப்பதமும் இரவின் தாழ்நிலையும் அதே பக்கத்தில் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். ஈரப்பதம் 65-க்கு மேலும் இரவு 28-க்கு மேலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நின்றால், வீட்டிலுள்ள பெரியவர்களையும் கைக்குழந்தைகளையும் போட்மாலாவில் படுக்கவிடாமல் கீழே வாசலோரம் படுக்க வையுங்கள். படுக்குமுன் உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறிக் காற்றில் இருக்கச் சொல்லுங்கள். உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ கொடுங்கள். யாருக்காவது பேச்சுக் குழறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். குடிக்கக் கொடுக்காமல், தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர்வித்தபடியே 108-க்கு அழையுங்கள்.